நீராவி வண்டியை நேசிக்கக் கற்போம்!



இரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. இருபுறமும் காத்து நிற்போர் சலித்துக் கொள்கிறார்கள். ஆனால், உங்கள் வண்டியின் முன்னால் அமர்ந்திருக்கும் மகன் மட்டும், கடந்து செல்லும் சரக்கு இரயிலின் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டிருக்கிறான். "58 பெட்டி, அத்தா!" என்று அவன் பெருமிதத்தோடு திரும்பும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இதை எண்ணி என்ன ஆகப் போகிறது? இந்த அக்கறை கணக்குப் பாடத்தில் இருக்கக் கூடாதா?" என்றுதான் நம்மில் பலர் கடிந்து கொள்வோம். நானும் அவ்வாறு கடிந்து கொண்டவன்தான்.

அது தவறென்று பின்னர் உணர்ந்தேன். அந்த எண்ணிக்கை வீண் வேலையன்று. உலகெங்கும் பல்லாயிரம் பேர் உளமார மேற்கொண்டுள்ள ஒரு நல்ல பொழுதுபோக்கின் முதற்பாடம் அது. இரயில் வண்டிகளை, குறிப்பாக நீராவி எஞ்சின்களைக் கவனிப்பது, அவற்றின் வரலாற்றைத் தேடுவது, படம் எடுப்பது, குறிப்பு எழுதுவது, மாதிரி செய்வது ஆகிய யாவும் அதில் அடங்கும். பெருஞ்செலவு தேவையில்லை. தீய பழக்கம் எதற்கும் அது வழி வகுப்பதுமில்லை. தந்தையும் மகனும், தாயும் மகளும் சேர்ந்தே ஈடுபடலாம். ஆனால், ஒன்று மட்டும் உண்டு. இதைத் தொடங்க நாம் காலந்தாழ்த்தக் கூடாது. ஏன் என்பதைக் கட்டுரையின் முடிவில் கூறுகிறேன்.

ஓர் இருப்புப்பாதையைக் காத்த அன்பு

இந்தப் பொழுதுபோக்கு பரவலாக வேர்விட்ட நாடு இங்கிலாந்து. 1942ஆம் ஆண்டு, அங்கே சதர்ன் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த இயான் ஆலன் என்னும் இளைஞர், அந்த இரயில்வேயின் எஞ்சின்களது எண்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சிறுவர்கள் அந்த நூலை வாங்கிக்கொண்டு நிலையங்களுக்கு ஓடினார்கள். கண்ணில் பட்ட எஞ்சினின் எண்ணை நூலில் அடிக்கோடிட்டு மகிழ்ந்தார்கள். இவ்வளவுதான் தொடக்கம்!

ஆனால், இந்த அன்பு எண்களைக் குறிப்பதோடு நின்றுவிடவில்லை. வேல்ஸ் நாட்டில் தாலிலின் என்றொரு சின்னஞ்சிறு இருப்புப்பாதை இருந்தது. மலையிலிருந்து கற்பலகைகளைக் கொண்டுவருவதற்காக 1865ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாதை அது. 1950இல் அதன் உரிமையாளர் மறைந்தபோது, 'இனி இது மூடப்படும்' என்றே யாவரும் எண்ணினர். அப்போது எழுத்தாளர் ரோல்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் முன்வந்தார்கள். ஊதியம் எதுவும் பெறாத தொண்டர்களைத் திரட்டி, 1951ஆம் ஆண்டு அந்தப் பாதையில் வண்டிகளை ஓடச் செய்தார்கள். உலகிலேயே ஆர்வலர்களால் காப்பாற்றப்பட்ட முதல் இரயில் பாதை என்னும் பெருமை அதற்கு உண்டு. இன்றும் அது ஓடிக் கொண்டிருக்கிறது.

1968ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இரயில்வே, தனது முதன்மைப் பாதைகளில் வழக்கமான நீராவி வண்டிகளை நிறுத்திக் கொண்டது. ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. அழிந்துபோன ஒருவகை எஞ்சினை, பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தைக் கொண்டு புதிதாகவே கட்டி முடித்தார்கள். 'டொர்னேடோ' என்று பெயரிடப்பட்ட அந்த எஞ்சின் 2008ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. எண்ணத் தொடங்கிய சிறுவர்களின் ஆர்வம் எங்கே கொண்டு சேர்த்தது, பார்த்தீர்களா?

எஞ்சின் பேசும் மொழி

நீராவி எஞ்சினின் மீது மட்டும் ஏன் இத்தனை ஈர்ப்பு? மின்சார எஞ்சின் தன் வேலையை மூடிய பெட்டிக்குள் செய்து முடிக்கிறது. நீராவி எஞ்சினோ தன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது. அது மூச்சு விடுவது கேட்கும், வியர்ப்பது தெரியும், களைப்பதும் புரியும்.

இதை எனக்கு உணர்த்தியவர், எங்கள் தெருவில் வாழ்ந்த ஒரு முதியவர். மீட்டர் கேஜ் காலத்தில் நீராவி எஞ்சின்களில் பயர்மேனாக, அதாவது அடுப்பில் நிலக்கரி இட்டு நெருப்பைப் பேணும் பணியாளராக இருந்தவர். 'மாமா' என்றே அவரை அழைப்பேன். நீராவி எஞ்சின் இயங்கும் விதத்தை அவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சமையலறைக் கெண்டியையே உவமையாக்கி எனக்கு விளக்கினார்.

எஞ்சினின் பின்பகுதியில் உள்ள அடுப்பில் நிலக்கரி எரிகிறது. அந்த வெப்பக் காற்று, கொதிகலனுக்குள் நீளவாட்டில் பொருத்தப்பட்ட பல குழாய்களின் வழியே பாய்கிறது. குழாய்களைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. அடைபட்ட ஆவி அழுத்தம் மிகுந்து சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த இரும்புத் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. வேலை முடித்த ஆவி, புகைபோக்கி வழியே வெளியேறும்போது எழும் ஓசைதான் நாம் 'சுக்... சுக்...' என்று கேட்பது. வெளியேறும் அந்த ஆவி, தன்னோடு அடுப்பின் புகையையும் இழுத்துச் செல்கிறது. அதனால் அடுப்புக்குள் புதிய காற்று புகுந்து நெருப்பு மேலும் கொழுந்துவிட்டு எரிகிறது. எஞ்சின் எவ்வளவு கடினமாக உழைக்கிறதோ, அவ்வளவு வேகமாக அதன் அடுப்பும் எரியும்!

"காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க தம்பி. சக்கரம் ஒரு சுத்துச் சுத்துறதுக்குள்ள நாலு தடவை சத்தம் வரும். நாலும் ஒரே மாதிரி இருந்தா எஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு தடுமாறினா எங்கேயோ கோளாறு" என்பார் மாமா. இரண்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினின் கணக்கு இது. பிஸ்டனின் இருபுறமும் ஆவி மாறி மாறித் தள்ளுவதால், ஒரு சிலிண்டருக்கு இரண்டாக, மொத்தம் நான்கு ஓசைகள் எழுகின்றன.

புகையைப் பற்றியும் அவர் சொல்வார். கரும்புகை கக்குவதே எஞ்சினுக்கு அழகு என்று நாம் நினைக்கிறோம். ஆனால், கரும்புகை என்பது நிலக்கரி முழுமையாக எரியாமல் வீணாகிறது என்பதற்கு அடையாளம். மெல்லிய சாம்பல் நிறத்தில் புகை வந்தால் அது கைதேர்ந்த பயர்மேனின் வேலை. அடுப்பைவிடவும் முக்கியமாக அவர்கள் கவனித்தது தண்ணீர்க் கண்ணாடியை. கொதிகலனில் நீரின் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. மட்டம் குறைந்து அடுப்பின் மேற்கூரை நீரின்றிக் காய்ந்தால் பெரும் விபத்து நேரும். அதனால்தான் அந்தக் கூரையில் எளிதில் உருகும் ஈயம் கொண்ட ஒரு திருகாணியைப் பொருத்தி வைத்தார்கள். வெப்பம் எல்லை கடந்தால் ஈயம் உருகி, ஆவி அடுப்பில் பாய்ந்து எச்சரிக்கும்.

எங்கே காண்பது?

'இதெல்லாம் பழங்கதை அல்லவா? இன்று நீராவி எஞ்சினை எங்கே போய்ப் பார்ப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் அகலப்பாதைக்கான கடைசி நீராவி எஞ்சின் 1970ஆம் ஆண்டு சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. 'அந்திம் சிதாரா', அதாவது 'இறுதி நட்சத்திரம்' என்று அதற்குப் பெயர் சூட்டினர். 1995இல் அகலப்பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் முடிவுக்கு வந்தன. ஆயினும், தமிழகத்தில் வாழும் நாம் நற்பேறு பெற்றவர்கள். நீராவி எஞ்சின் இழுக்கும் – இல்லை, தள்ளும் – வண்டி ஒன்று இன்றும் நம்மிடையே உண்டு. அதுதான் நீலகிரி மலை இரயில்!

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2203 மீட்டர் உயரத்தில் போய்ச் சேர்கிறது. வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 1854ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட இந்தப் பாதைக்கு 1891இல்தான் வேலை தொடங்கியது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வண்டி ஓடியது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது.

உதகைக்குச் சுற்றுலா சென்றவர்களில் பலரும் இந்த வண்டியில் பயணம் செய்திருப்பீர்கள். ஆனால், பயணம் செய்வது வேறு, கவனிப்பது வேறு. அடுத்த முறை செல்லும்போது கல்லாறு நிலையத்தை நினைவில் வையுங்கள். அதுவரை ஏறக்குறைய சமதளம். அங்கிருந்துதான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலேறுகிறது. 12 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் அளவுக்கு அங்கே ஏற்றம் செங்குத்தாகும். வெறும் சக்கரங்கள் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். மேலேறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிகளின் முன்புறத் தளங்களில் பிரேக் பணியாளர்கள் கொடியோடு நிற்பதையும் காணலாம்.

இந்த எஞ்சின்களை 'எக்ஸ்' வகை என்பர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அவற்றுக்குச் சிலிண்டர்கள் நான்கு. சமதளத்தில் இரண்டு மட்டும் உழைக்கும். ஏற்றம் தொடங்கியதும், அந்த இரண்டில் வேலை முடித்த ஆவியை வெளியே விட்டுவிடாமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். ஒரே ஆவியிடம் இருமுறை வேலை வாங்கும் சிக்கனம்! அந்த எஞ்சின்கள் முதுமையடைந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் 2011ஆம் ஆண்டு முதல் அதே வகையில் புதிய எஞ்சின்களைத் தாமே கட்டினார்கள். இங்கிலாந்தின் ஆர்வலர்களைப் போற்றிய நாம், நம் ஊர்க் கைகளின் திறமையையும் போற்ற வேண்டாமா?

குன்னூருக்கு மேல் பொதுவாக டீசல் எஞ்சின் மாற்றப்படும் என்பதால், நீராவியை விரும்புவோர் மேட்டுப்பாளையத்திலிருந்தே புறப்படுவது நலம். இடங்கள் குறைவு, முன்பதிவு அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவினால் சேவை நிறுத்தப்படுவதுண்டு. எனவே, கோடையே ஏற்றது.

மலைக்குச் செல்ல வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சென்னையில் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி, 2002இல் தொடங்கப்பட்ட இரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சியிலும் இரயில்வே அருங்காட்சியகம் உண்டு. அங்கெல்லாம் எஞ்சினைச் சுற்றி வந்து, சற்றுமுன் கூறிய அடுப்பையும் பிஸ்டனையும் தண்டுகளையும் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நூறாண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் நின்றிருந்த 'எக்ஸ்பிரஸ்' என்னும் எஞ்சினுக்கு 2010இல் மீண்டும் உயிரூட்டியதும் பெரம்பூர்ப் பணிமனையே. சென்னையில் சிறப்பு நாட்களில் அதனை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அப்படியே இராயபுரம் நிலையத்தையும் ஒருமுறை பாருங்கள். 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி வாலாஜா ரோட்டை நோக்கி அங்கிருந்துதான் புறப்பட்டது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

சரி, எப்படித் தொடங்குவது? விலையுயர்ந்த கேமரா வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம். இவை போதும்.

முதலாவதாக, எஞ்சினின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். நம் நாட்டு எஞ்சின்களின் மீது எழுதப்பட்டுள்ள ஆங்கில எழுத்துக்கள் பொருளற்றவை அல்ல. முதல் எழுத்து பாதையைக் குறிக்கும். 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை. 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ். 'இசட்' என்றால் குறுகிய பாதை. அடுத்து வரும் 'டி' டீசலையும், 'ஏ' மாறுதிசை மின்சாரத்தையும் குறிக்கும். நீராவி எஞ்சின்களுக்கு இந்த நடு எழுத்து இல்லை. இறுதியில் 'பி' என்றால் பயணிகள் வண்டிக்கும், 'ஜி' என்றால் சரக்கு வண்டிக்கும், 'எம்' என்றால் இரண்டுக்கும் உரியது. ஆக, 'ஒய்.பி.' என்பது மீட்டர் கேஜ் பாதையில் பயணிகள் வண்டியை இழுத்த நீராவி எஞ்சின் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

இரண்டாவதாக, சக்கரங்களை எண்ணுங்கள். நீராவி எஞ்சின்களை முன்சக்கரம், இயங்கு சக்கரம், பின்சக்கரம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுவது வழக்கம். 'ஒய்.பி.' எஞ்சின் 4-6-2. நீலகிரியின் 'எக்ஸ்' எஞ்சின் 0-8-2. அருங்காட்சியகத்தில் உங்கள் பிள்ளைகளிடையே இதையே ஒரு போட்டியாக வைக்கலாம்.

மூன்றாவதாக, வண்டியின் வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள். பாதையோரத்தில் கிலோமீட்டர் கற்கள் உண்டு. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை நொடிகள் ஆயின என்று பார்த்து, 3600ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைக்கும். 60 நொடிகள் என்றால் 60 கிலோமீட்டர். 45 நொடிகள் என்றால் 80. 36 நொடிகள் என்றால் 100. கணக்குப் பாடம் கசக்கும் பிள்ளைக்கு இதைவிட இனிய பயிற்சி உண்டா?

நான்காவதாக, நிலையங்களின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு, கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரமும் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்து வந்தால், பயணம் முடியும்போது உங்கள் கையில் அந்தப் பாதையின் மேடுபள்ளங்களைக் காட்டும் படமே இருக்கும். பெட்டிகளின் மீதுள்ள எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அதன் முதல் இரண்டு இலக்கங்கள், அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் கூறும்.

கைவேலையில் நாட்டம் உள்ளவர்கள் மாதிரி இரயில் செய்யலாம். கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் உலகெங்கும் பரவலானது, அசல் அளவில் 87இல் 1 பங்கு உடையது. அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அட்டை, பசை, நூற்கண்டு, பழைய பேனா மூடி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஓர் எஞ்சினைச் செய்து பாருங்கள். சிறுமிகளின் கைநேர்த்திக்கு இது மிகவும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை

ஆர்வம் அறிவை மறைத்துவிடக் கூடாது. தண்டவாளத்தின் மீது நடப்பதும், ஓடும் வண்டிக்கு அருகில் நின்று கைப்பேசியில் படம் எடுப்பதும் உயிருக்கே உலை வைக்கும் செயல்கள். இரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும். மின்சார வண்டிகள் ஓசையின்றி விரைந்து வருகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் நெருங்கிவிடும். நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பாருங்கள். மேம்பாலம் இருந்தால் இன்னும் சிறப்பு. நிலையத்தில் நெடுநேரம் நின்று படம் எடுப்பதானால் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக் கொள்ளுங்கள். பிள்ளைகளை இதற்காகத் தனியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.

காலந்தாழ்த்த வேண்டாம்!

காலந்தாழ்த்தக் கூடாது என்று தொடக்கத்தில் கூறினேன் அல்லவா? எஞ்சின்கள் இரும்பாலானவை. அருங்காட்சியகத்தில் அவை இன்னும் நூறாண்டுகள் நிற்கும். ஆனால், அவற்றை ஓட்டிய மனிதர்கள்? நீராவிக் காலத்தில் இளைஞர்களாகப் பணியில் சேர்ந்தவர்கள் இன்று முதுமையின் விளிம்பில் நிற்கிறார்கள். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே வெப்பத்தைச் சொல்லும் கண்ணும், ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காதும் அவர்களோடு மறைந்து கொண்டிருக்கின்றன. எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படாத அறிவு அது.

எங்கள் தெரு மாமாவிடம் மூன்று மாலைப் பொழுதுகள், அஸர் தொழுகைக்குப் பின் சென்று அமர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக் கொண்டேன். மூன்றாம் நாள் எழுந்திருக்கும்போது, "குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்கு முதல் நெருப்பு மூட்டுறது இருக்கே, அது தனி வேலை தம்பி. அதை அடுத்த தடவை வாங்க, சொல்றேன்" என்றார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம் வந்தது. அதன்பின் வேறு வேலைகள். 'மாமா எங்கே போய்விடப் போகிறார், அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்' என்று நாட்களைத் தள்ளினேன். அந்த அடுத்த மாதத்திற்குள் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்.

என் நோட்டில் 'முதல் நெருப்பு' என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது. நூல்களைப் புரட்டி ஏதேனும் எழுதி அதை நிரப்பிவிட முடியும். ஆனால், மாமா சொல்லவிருந்தது அதுவன்று.

அன்பு வாசகர்களே! உங்கள் ஊரிலும் உறவிலும் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரேனும் இருப்பார். டிரைவராக இருக்கலாம், பயர்மேனாக இருக்கலாம், கேட் காப்பவராகவோ, டிக்கெட் கொடுத்தவராகவோ இருக்கலாம். இந்த வாரமே உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். "எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுவது எப்படி?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்பொழுதெல்லாம் கேட் மூடியிருக்கும்போது, "எத்தனை பெட்டி?" என்று நானே என் மகனிடம் கேட்கிறேன். மாமாவின் குறிப்புகள் அடங்கிய நோட்டை அவனிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். அந்த வெற்றுப் பக்கத்தை நிரப்பக்கூடிய ஒரு பெரியவரைத் தேடி வருகிறோம்.